கடைசிப் பக்கத்தில் பாதிப் பெயர்

துப்பறியும் நாவல் என்றாலே கிருஷ்ணம்மாவுக்குப் பால் கொட்டகை வரிசைதான் நினைவுக்கு வரும். 1934-இல் மலாயாவில், சிகாமட் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் அவள் பால்மரம் வெட்டினாள். மதியம் ரப்பர் பாலை நிறுக்க எல்லாரும் வாளிகளோடு காத்திருக்கும்போது, கூட மரம் வெட்டும் லெட்சுமணன் நாவலை உரக்க வாசிப்பான். அந்த வரிசையில் எழுத்துத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

கொலைகாரன் யாரென்று கதை பாதிக்கு வருமுன் கிருஷ்ணம்மா சொல்ல வேண்டும். தப்பினால் லெட்சுமணனின் வாளியையும் ஒரு வாரம் சுமக்க வேண்டும். இதுதான் பந்தயம். மூன்று நாவல்களில் தொடர்ந்து தோற்றாள். தோள்வலிகூடப் பெரிதில்லை. "உன் மண்டையில களிமண்ணுதான்டி" என்று வரிசையில் அடுத்து நிற்கும் காளியம்மா சிரித்ததுதான் உறுத்தியது. நிஜமாகவே நான் மக்குதானோ?

நாலாவது நாவலில் டாக்டர் கிருஷ்ணராவைச் சொன்னாள். "சாவு வீட்டுல எல்லாருக்கும் முந்தி அழுவுறானே, அவன்தான்."

லெட்சுமணன் வாசித்து முடித்தான். "கொன்னது சமையக்காரன். தூக்கு புள்ள வாளிய!"

அப்போது மழை தூறியது. தராசுக்கு அவன் முறை வந்ததும், "நனையாம வச்சிரு" என்று புத்தகத்தை அவள் கையில் திணித்துவிட்டுப் போனான்.

அவள் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். ஊரிலிருந்து அண்ணன் போடும் கடிதங்களில் முதலில் நிற்பது தன் பெயர் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். அதை எத்தனையோ முறை விரலால் தடவிப் பார்த்திருக்கிறாள். அந்தப் பெயரின் முன்பாதி இந்தப் பக்கத்தில் ஐந்து இடத்தில் இருந்தது!

"ஏண்ணே, சமையக்காரன் கொன்னா, என் பேருல பாதி இங்க எதுக்கு நிக்குது?"

லெட்சுமணன் தலையைச் சொறிந்தான்.

"நாலு கதையிலயும் நீ சொன்னவன்தான் புள்ள. பாதியிலயே நீ ஆளப் புடிச்சிட்டா மிச்சத்த யாரு கேப்பா?"

"அடப்பாவி மனுசா!" என்றாள் காளியம்மா. "இனிமே இவ வாளிய நீ தூக்குய்யா."

"வாளிய நானே தூக்கிக்கிறேன்" என்றாள் கிருஷ்ணம்மா. புத்தகத்தை அவள் விடவில்லை. "என் பாதிக்கு அப்புறம் நிக்குற எழுத்து என்னாண்ணே? அத மட்டும் சொல்லுங்க."

அது 'ரா'. மறுநாள் வேறொன்று கேட்டாள்.

அடுத்த ஆண்டு அதே வரிசையில், வேறொரு நாவலை எழுத்துக்கு எழுத்து விரல் வைத்து, கிருஷ்ணம்மாவே வாசித்தாள். தராசுக்குப் போவதற்குள் அரைப் பக்கம்தான் நகர்ந்தது.

"கொலைகாரன் யாருடி?" காளியம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னும் யாருமே சாகல. ஆகாசத்துச் சந்திரனுக்குப் பொறப்பட்டுப் போயிக்கிட்டிருக்காங்க" என்றாள் கிருஷ்ணம்மா, விரலை எடுக்காமல். "சும்மா இரு, எனக்கே தெரியல."