734 யாருடைய எண்?

கஸ்தூரி அக்கா கத்திக்கொண்டே ஓடிவந்தபோது மதியம் பன்னிரண்டே முக்கால் இருக்கும். "கண்ணு எரியுது, மூச்சு வுட முடியல. எல்லாம் வெளிய வாங்கடி!" அவர் டிரம் நிரப்பும் கூடத்துக்கு மேஸ்திரி. பின்னாலேயே பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். பக்கத்தில் கூழைக் குளிர்விக்கும் கம்ப்ரசர் அறையில் அமோனியா கசிந்திருந்தது. அந்த வாயு லேசாகக் கசிந்தாலே சைரன் அலறியிருக்க வேண்டும். அன்று அலறவில்லை.

சித்தூருக்கு வெளியே இருந்த மாம்பழக்கூழ் ஆலை அது. நான் அங்கே கம்ப்யூட்டர் பிரிவு. பிரிவு என்றால் நான் ஒருவன்தான். எங்கள் பக்கத்தில் படித்தவர்கள் எல்லோரும் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் பஸ் ஏறிக்கொண்டிருந்த காலம். எனக்கும் பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும்.

கம்ப்ரசர் ஆபரேட்டர் முனிரத்தினம் பக்கத்து ஊரான குடிபாலாக்காரன், என் வயதுதான். கன்ட்ரோல் ரூமிலிருந்து ஓடிவந்தவன் துண்டை நனைத்து முகத்தில் கட்டினான். கையைப் பிடித்தேன். உதறினான்.

"வால்வை மூடாட்டி நிக்காது. நீ கிட்ட வராத."

உள்ளே போனான். கஸ்தூரி அக்கா வாசலைப் பார்த்து அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வால்வை மூடிவிட்டுத்தான் வந்தான். வாசற்படியிலேயே விழுந்தான். சித்தூரில் ஆக்சிஜன் வைத்து, அங்கிருந்து திருப்பதிக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் காலை மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார். தெலுங்குக்காரர், எங்களிடம் பேசும்போது இரண்டும் கலந்து வரும். "சைரன் தொந்தரவுன்னு முனிரத்தினமே ஆஃப் செஞ்சிருப்பான். கேட்டா, ஸ்க்ரீன்ல மூணுன்னுதான் இருந்துச்சாம். அன்னி கதலு, எல்லாம் கதை! சஸ்பெண்ட் ஆர்டர் டைப் பண்ணுங்க."

அந்த 'மூணு' எனக்கு உறுத்தியது. காற்றில் வாயு எவ்வளவு என்று காட்டும் அந்த எண் ஒரு நிமிடம்கூட நிலையாக நிற்காது. இரண்டு, நான்கு, மூன்று என்று ஆடிக்கொண்டே இருக்கும். அசையாமல் நின்றது என்றால் ப்ரோகிராம் ஓடவில்லை என்று அர்த்தம்.

ஆலையில் இருந்தது ஒரே ஒரு லினக்ஸ் மெஷின். வாயுவைக் கவனித்து சைரனை அடிக்கும் ப்ரோகிராமும், டிரம்முக்கு லேபிள் அச்சடிக்கும் ப்ரோகிராமும் அதில்தான் ஓடின. லேபிள் ப்ரோகிராம் ஒரு நாளைக்கு நாலைந்து முறை தொங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் என்னைத் தேடி ஆள் வரும். அதனால் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். ஓடுகிற ஒவ்வொரு ப்ரோகிராமுக்கும் லினக்ஸ் ஒரு எண் கொடுக்கும், அதுதான் ப்ராசஸ் ஐடி. லேபிள் ப்ரோகிராம் எழுந்ததும் தன் எண்ணை ஒரு ஃபைலில் எழுதி வைக்கும். என் ஸ்கிரிப்ட் அந்த எண்ணைப் படிக்கும், அந்த எண்ணில் ஓடுவதை நிறுத்தும் 'கில்' கட்டளையைப் போடும், லேபிளை மறுபடி எழுப்பும். சூப்பர்வைசர்களே ஒரு வார்த்தை டைப் செய்து வேலையை முடித்துக்கொள்வார்கள். நன்றாகத்தான் ஓடியது.

நடந்ததையெல்லாம் மெஷின் நேரத்தோடு குறித்து வைக்கும் லாகைத் திறந்தேன். விபத்தன்று காலை கரண்ட் போய், யுபிஎஸ்ஸும் கைவிட்டு, மெஷின் ரீபூட் ஆகியிருந்தது. பிரின்டர் ஆன் ஆகாததால் லேபிள் ப்ரோகிராம் எழவில்லை. ஆனால் அதன் பழைய எண் ஃபைலில் அப்படியே இருந்தது: 734. மதியம் சூப்பர்வைசர் லேபிள் வரவில்லை என்று என் ஸ்கிரிப்டை ஓட்டியிருக்கிறார். அது 734-க்கு கில் போட்டது. நேரம் 12:10.

அடுத்து சைரன் ப்ரோகிராமின் லாக். ரீபூட்டுக்குப் பிறகு அதற்குக் கிடைத்திருந்த எண் 734. கடைசி வரியின் நேரம் 12:10.

 

இரண்டு லாகையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். படித்தார். கதவைச் சாத்தினார்.

"எவருக்காவது செப்பினியா?"

"இல்ல சார்."

"நீ திங்கக்கிழமை பெங்களூர் போறவன். ரிலீவிங் லெட்டர் ரெடியா இருக்கு, வாங்கிக்கினு போ. இது வெளிய வந்தா, சைரனுக்குத் தனி மெஷின் எதுக்கு வெக்கலன்னு ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் என்னைக் கேப்பான். லெட்டரும் இருக்காது, நீயும் போக முடியாது. ஆலோசிஞ்சுக்கோ."

யோசித்தேன். நேர்மையாகச் சொல்கிறேன், திருப்பதி போகும் பஸ்ஸில் ஏறியபோதும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த லெட்டர் இல்லாமல் பெங்களூர்க் கம்பெனியில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் முனிரத்தினம் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மூக்கில் குழாய். கண் இரண்டும் சிவந்திருந்தன. நான் வாயைத் திறப்பதற்குள் அவனே பேசினான்.

"சஸ்பெண்டுன்றாங்க. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்பா. மூணுதான் இருந்துச்சி. என் பொண்டாட்டிகூட நம்பமாட்டேன்றா."

சொல்லிவிட்டேன். ஸ்கிரிப்ட், ஃபைல், எண், எல்லாவற்றையும். அவன் முழுக்கக் கேட்டான்.

"அப்ப நான் பாத்த மூணு?"

"ப்ரோகிராம் செத்துட்டுது. கடைசியா காட்டுனது அப்படியே நின்னுட்டுது."

 அடுத்துக் கேட்டான்: "அந்த நம்பர்ல இருக்கறவன் பேரு இன்னான்னு பாக்காமயே வெட்டிட்டியா?"

 அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மறுநாள் விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டரிடம் இரண்டு லாகையும் கொடுத்து, நடந்ததை என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். சஸ்பெண்ட் ரத்தானது. சைரனுக்குத் தனி மெஷின் வந்தது. எனக்கு லெட்டர் வரவில்லை, பெங்களூர் வேலை போயிற்று. இன்னொரு வேலை கிடைக்க இரண்டு வருடம் ஆனது. முனிரத்தினத்தைக் கம்ப்ரசர் பக்கம் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் வாசல் கேட்டில் காவலுக்குப் போட்டார்கள். அவன் என்னோடு மறுபடி பேச ஒரு மாம்பழ சீசன் முழுக்கக் கழிய வேண்டியிருந்தது.

இப்போது ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஃபைலில் இருக்கும் ப்ராசஸ் ஐடி நேற்றைய செய்தி. மெஷின் ரீபூட் ஆனால் அதே எண் வேறு ஒருவனுக்குப் போயிருக்கும். கில் போடுவதற்கு முன் அந்த எண்ணில் இப்போது ஓடுவது எந்த ப்ரோகிராம் என்று கேளுங்கள். நீங்கள் தேடும் பெயர் இல்லையென்றால் கை வைக்காதீர்கள். இதற்கு ஸ்கிரிப்டில் இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரியை நான் எழுதியிருந்தால், முனிரத்தினம் இன்று மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்க மாட்டான்.