வரியின் இடப்பக்கம்

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் என் இடது கால் செருப்பு கழன்றுவிட்டது. நான் நடந்துகொண்டே இருந்தேன். பூ விற்கிற அம்மா, "அண்ணே, ஒத்தச் செருப்போட எங்க போய்க்கினு இருக்கீங்க?" என்று கூப்பிட்ட பிறகுதான் குனிந்து பார்த்தேன். வலி இல்லை. கால் என்னுடையது போல இல்லை, அவ்வளவுதான்.

விழுப்புரத்தில் ஸ்கேன் எடுத்துவிட்டுப் பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தம் ஓரிடத்தில் அடைபடுவது) என்றார்கள். தடியூன்றி நடக்கத் தேறினேன். மல்லாட்டை (நிலக்கடலை) மண்டி வேலை போயிற்று. நாலு பேரோடு பழகத் தெரியாதவன் நான். புத்தகம் ஒன்றுதான் துணை. என் மனைவி ஆரோக்கியமேரி கிளை நூலகத்திலிருந்து இரண்டு எடுத்து வந்தாள்.

பயண நூலில் பாதி ஊர்களுக்குப் பெயரே இல்லை. நாவலில் ஒரு கிழவர் தனியாக இருக்கிறார். யாரோ கேட்டது போலத் தனக்குத்தானே பதில் சொல்கிறார். இப்போது இப்படித்தான் எழுதுகிறார்கள் போலும், பத்தாவது படித்தவனுக்கு எட்டாது என்று மூடி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. வருத்தம்கூட வரவில்லை.

வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மாலை ஜெபத்தில் ஜெபப் புத்தகத்தை எப்போதும் போல நான்தான் பிழையில்லாமல் வாசித்தேன். அத்தனையும் மனப்பாடம் என்பது எனக்கே தெரியாது.

பிறகு மழைக்காகப் புதிய ஜெபம் ஒன்றைக் கோயிலில் அச்சடித்துக் கொடுத்தார்கள்.

"என்னங்க, பாதியிலேர்ந்து படிச்சிக்கினு போறீங்க?"

"அப்படித்தான் அடிச்சிருக்குது."

மேரி என் விரலைப் பிடித்து இழுத்து வரியின் தொடக்கத்தில் வைத்தாள். "அப்போ இது என்னாங்க?"

அங்கே எழுத்து இருந்தது.

"கண்ணு நல்லாதாங்க இருக்குது," என்றார் விழுப்புரத்து டாக்டரம்மா. இது இடப்பக்கப் புறக்கணிப்பு (பார்வை இருந்தும் இடதுபுறத்தை மூளை கவனிக்காமல் விடுவது). "பக்கத்தோட இடது ஓரத்துல செவப்புக் கோடு போடுங்க. அது தெரியிற வரைக்கும் தலையைத் திருப்பிட்டு அப்புறம் படிங்க."

"லைப்ரரி புக்குல கோடு போடக் கூடாதுங்களே."

"இத்தினி நாளா வாயே தொறக்கல," என்றாள் மேரி. "இதுக்குத் தொறக்குறாரு பாருங்க டாக்டர்."

பழைய புடவையின் சிவப்புக் கரையைக் கத்தரித்துக் கொடுத்தாள். அதை ஓரத்தில் வைத்து நாவலை மறுபடி தொடங்கினேன். கிழவர் தனியாக இல்லை. அவருக்கு மனைவி இருந்தாள். அவள் பேசுவது ஒன்றிரண்டு சொற்கள்தான். வரியின் இடப்பக்கத்திலேயே முடிந்துவிடும். புத்தகம் முழுக்க அவள் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

இதே நோயோடு வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது. புரியாத புத்தகத்தை உடனே மூடிவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வரியைப் படித்துக் காட்டுங்கள்.

இப்போது ஒரு பக்கம் படிக்க ஒரு காலைப்பொழுது போகிறது. இடது கை துணியைப் பிடித்திருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். நேற்று அப்படிப் பார்க்கத் திரும்பியபோது, மேரி அங்கே உட்கார்ந்திருந்தாள்.

"எப்ப வந்தே?"

"காப்பி ஆறிப் போச்சுங்க," என்றாள்.