புன்லூவின் ஏழாம் எண்

ஓரபின் அந்தக் குகைக்கு முதன்முதலில் போனபோது அவளுக்கு முப்பத்தொரு வயது. ஜப்பானில் வைரஸ் ஆராய்ச்சியில் பட்டம் வாங்கிக்கொண்டு வந்து, பாங்காக்கில் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ராட்சபுரிப் பக்கம் ஒரு சுண்ணாம்புக் குன்று. அதன் வயிற்றுக்குள் லட்சக்கணக்கான வௌவால்கள். சனிக்கிழமைக் காலைகளில் ஊர்க்காரர்கள் உள்ளே இறங்கி எச்சத்தைக் கூட்டி, வயலுக்கு உரமாக மூட்டை கட்டுவார்கள். வௌவால்களின் வைரஸ்கள் இவர்களையும் தொற்றியிருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் அவள் வேலை.

ரத்தம் கொடுக்க முதலில் கையை நீட்டியவர் புன்லூ. ஐம்பத்தைந்து வயது. முகத்தில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு இருபத்தாறு வருஷமாக அந்தத் தூசிக்குள் உழைத்தவர்.

"பாத்து எடுங்க டாக்டர். இருக்கறதே கொஞ்சம், மிச்சத்தக் கொசு குடிச்சிருச்சு."

"பெரிசா காய்ச்சல் ஏதாச்சும் வந்து படுத்திருக்கீங்களா மாமா?"

"படுத்தா இவ விட்டுருவாளா?" என்று மனைவியைக் காட்டினார்.

சமாய் கூடையை இறக்கி வைத்தாள். "ஆமா, இவரு படுக்கறதுக்குக் காய்ச்சல் வேற வரணுமாக்கும்!"

ஒரு கிருமி உள்ளே நுழைந்தால், அதை மட்டும் இறுகப் பிடிக்கும் எதிர்ப்பொருள் ஒன்றை நம் உடம்பு செய்துகொள்ளும். செய்யும் விதத்தையும் மறக்காது. புன்லூவின் ரத்த அணுக்களிலிருந்து ஓரபின் அப்படிச் சில எதிர்ப்பொருள்களைப் பிரித்து எண் போட்டாள். மற்றவை எல்லாம் தெரிந்த கிருமிகளைப் பிடித்தன. ஏழாவது எதையுமே பிடிக்கவில்லை. ஆனால் அதன் செய்முறை எழுதியிருந்த மரபணுவைப் படித்தபோது அவளுக்குச் சிலிர்த்தது. உடம்பு அதைத் திருத்தித் திருத்திக் கூர்மையாக்கியிருந்தது. சும்மா யாரும் இப்படித் தீட்டி வைக்க மாட்டார்கள். இது யாரையோ எதிர்த்து நின்ற ஆயுதம். யாரை?

ஏழாம் எண்ணைத் தூண்டிலாக வைத்து வருஷா வருஷம் குகை எச்சத்தில் தேடினாள். ஒன்றும் சிக்கவில்லை.

"விட்டுடும்மா," என்றார் ஆய்வகத் தலைவர் தம்ரோங். "வேற எத்தனையோ வேலை கெடக்கு."

மற்ற வேலைகளையும் செய்தாள். இதை மட்டும் விடவில்லை.

ஒன்பதாவது வருஷம் ரத்தம் எடுக்கும்போது புன்லூ பேச்சுவாக்கில் சொன்னார்: "நீங்க இந்த முன்கூடத்துலயே அள்ளிட்டுப் போறீங்க. நாங்க அந்தக் காலத்துல பின்னறையிலதான் கூட்டுவோம். அப்புறம் பாறை விழுந்து வழிய அடைச்சிருச்சு."

ஓரபினின் கை அப்படியே நின்றது. "அங்க இன்னும் வௌவால் இருக்கா மாமா?"

"ஏன் இல்லாம? மேல பொந்து இருக்கே. அதுக என்ன வாசல் வழியாத்தான் வரணுமா?"

மறுவாரமே முழுக் கவசம் போட்டுக்கொண்டு, கயிற்றில் தொங்கி, அந்தப் பொந்து வழியாகப் பின்னறையில் இறங்கினாள். கொண்டுவந்த ஈர எச்சத்தில் ஏழாம் எண் கெட்டியாக எதையோ பிடித்துக்கொண்டது. உலகத்தில் எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு வைரஸ். மனித நுரையீரல் உயிரணுக்கள் இருந்த தட்டில் அதை விட்டதும் இரண்டே நாளில் அத்தனையும் செத்தன. பக்கத்துத் தட்டில் வைரஸோடு ஏழாம் எண்ணையும் விட்டிருந்தாள். அங்கே ஓர் உயிரணுகூடச் சாகவில்லை. நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். யாருக்கும் பெயர் தெரியாத ஒன்று ஒரு மனிதருக்குள் புகுந்திருக்கிறது. அவர் மூட்டை சுமந்துகொண்டிருக்க, உள்ளே ஒரு போர் நடந்து முடிந்திருக்கிறது.

நேரில் போய்ச் சொன்னாள். சமாய் வறுத்த வாழைப்பழத்தட்டை நடுவில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு நோவு வந்துச்சா? எப்ப?"

"பின்னறையில வேலை பாத்தப்போ. ரெண்டு நாள் இருமியிருப்பீங்க."

"மழையில நனைஞ்சேன்னு இவ திட்டுனது அதுதானா!" என்று சிரித்தார். "சரி, அந்த ஏழாம் நம்பர என் ஒடம்பு எத்தனை நாள்ல செஞ்சிருக்கும்?"

"ரெண்டு வாரத்துல ஆரம்பிச்சிருக்கும். தீட்டி முடிக்க ஒரு சில மாசம்."

"நீங்க அதக் கண்டுபிடிக்க?"

"ஒம்பது வருஷம் மாமா."

புன்லூ மறுபடி சிரிக்க வாய் திறந்தார், சிரிப்பு வரவில்லை. சட்டைக்கையைச் சுருட்டி, தன் கையையே முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சமாயும் எட்டிப் பார்த்தாள்.