அம்மா தளம் போட்ட வீடு

அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பொறுமைசாலி, யாரையும் எதிர்த்துப் பேசாதவர் என்று எழுதும்படி உறவினர் சிலர் சொன்னார்கள். அப்படி எழுதினால் அது வேறு யாரையோ பற்றியதாகிவிடும். மூத்தவளாகிய நான் உள்ளதை எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது எண்ணூரில், உப்பளக் கூலிக் குடும்பத்தில். பதினான்கு வயதில் அப்பாவை மணந்து புளியந்தோப்புக்கு வந்தார். ரயில் பட்டறையில் உழைத்த அப்பா காய்ச்சலில் இறந்தபோது எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஆறு. அம்மா துறைமுகக் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனார். சுண்ணாம்பு சுமந்து சுமந்து அவர் உச்சந்தலையில் முடி வளரவே இல்லை.

அவர் வேலைக்குப் போகும் வழியில், இராயபுரத்தில் ஒரு மாடி வீடு விற்பனைப் பலகை தொங்கக் கிடந்தது. சிப்பாய்க் கலகத்துக்கு முன்பு கட்டியது. கூரைத் தளம் இற்று, சுவரில் ஆலஞ்செடி வேர்விட்டிருந்தது. கேட்டு வந்தவர்கள் எல்லாரும் இடித்துவிட்டுக் கிடங்கு கட்டவே கேட்டார்கள். அப்பாவின் சேமிப்போடும் தம் வளையல்களோடும் அம்மா என்னை அழைத்துக்கொண்டு போய் நின்றார். தரகர் சிரித்தார்.

"இது பெரிய மனுசாள் தெரும்மா. சேரி ஜனம் நீங்கோ இங்க எப்படி இருப்பீங்கோ?"

"பலகையை எம் பொண்ணு படிச்சிச்சு. வூடு விக்கிறதுன்னுதான் எழுதிக்கீது. யாருக்குன்னு எழுதல."

பேச்சுக் கேட்டு வீட்டுக்காரர் வெளியே வந்தார். தனியாக வாழ்ந்த முதியவர். அம்மா சுவரைத் தட்டிக் காட்டினார். "செவுரு கல்லாட்டம் கீது, ஐயா. தளமும் நாலு கட்டையும்தான் பூட்ச்சு. இடிக்காம நிறுத்திடுவேன்."

தாம் பிறந்த வீடு இடிபடாது என்ற ஒரே காரணத்துக்காக அவர் எங்களுக்கே எழுதிக்கொடுத்தார்.

தெருவார் தடுத்துவிட்டதால் கொத்தனார் ஒருவரும் வரவில்லை. அம்மாவோடு வேலை செய்த பெண்கள் கொருக்குப்பேட்டையிலிருந்தும் வியாசர்பாடியிலிருந்தும் ஞாயிறுதோறும் வந்தார்கள். வேரைப் பிடுங்கினார்கள். தளத்தைத் தாங்கும் கட்டைகளை மாற்றினார்கள். கடுக்காய்த் தண்ணீர் விட்டுச் சுண்ணாம்பு அரைத்து, வரிசையாக உட்கார்ந்து பாடியபடியே தளத்தை அடித்து இறுக்கினார்கள்.

புதுத்தளம் பல நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டும், காய்ந்தால் வெடித்துவிடும். அது தெரிந்துதான் எதிர்வீட்டுக்காரர் மறுநாள் காலை தெருக்குழாயை மறித்து நின்றார்.

"இந்தக் கொழாய்ல நீ கை வெக்கக் கூடாது."

"கொழாய் இன்னா உன் வூட்டுக் கூடத்துலயா கீது? தெருவுல கீது. நவுரு நைனா."

அம்மா குடத்தை வைத்தார். அவர் உதைத்துக் கவிழ்த்தார். அம்மா மீண்டும் வைத்தார். மூன்று முறை இப்படி. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான்காம் முறை அம்மா குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இப்போ ஒதை. கொடத்தோட என்னியும் சேத்து ஒதை. ஊரே பாக்கட்டும்."

துறைமுகத்துக்குப் போகிற ஆட்கள் கூடி நின்று பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரரின் கால் எழவில்லை. குடம் நிரம்பியது. தளம் ஒரு நாளும் காயவில்லை.

ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. எதிர்வீட்டில் ஒழுகியது. அம்மாவைப் பின்வாசல் வழியாக வந்து தளத்தைப் பார்க்கச் சொல்லி அந்த வீட்டுக்காரர் ஆளனுப்பினார்.

"முன்வாசல்ல கூப்ட்டா வரேன்னு சொல்லு" என்றார் அம்மா.

அவர் கூப்பிடவில்லை. அந்த வீடு இன்றும் ஒழுகுகிறது.

சுண்ணாம்புத் தூசி கடைசியில் அம்மாவின் நெஞ்சைப் பிடித்தது. இருமலுக்கிடையே தம்பியை அழைத்து, "நான் பூட்டா தரகருங்கோ வருவானுங்கோ. ஒக்கார வெக்காதே" என்றார். வந்தார்கள். உட்கார வைக்கவில்லை.

தளம் அடித்த பெண்களுக்கும், மருந்து தந்த வைத்தியருக்கும், திரிசரணம் ஓதி வழியனுப்பிய பௌத்த சங்கத்தாருக்கும், பாடை சுமந்த அப்பாவின் பட்டறைத் தோழர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள். இம்மலரைத் தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்திருக்கிறோம். எங்களுக்கு உதவாதவர்களும் படிக்கட்டும். இதில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டோம்.