அவரைக் கொடியில் வந்த ஈ

பக்கவாதம் வந்த பிறகு என் கணவர் மாதக்கணக்கில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. திண்டுக்கல் பள்ளியொன்றில் விலங்கியல் நடத்தியவர் அவர்.

ஒருநாள் காலையில் தோட்டத்தில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்திருந்தேன். அவரைக் கொடியைச் சுற்றி மஞ்சள் வரிபோட்ட சின்னப் பூச்சிகள் அந்தரத்தில் அசையாமல் நின்று பறந்தன.

"குளவிங்க, கொட்டிப்புடும்" என்று மருந்தடிக்கப் போனேன். அவர் என் சேலையைப் பிடித்து இழுத்தார். வாய் திணறியது.

"ஈ..."

"என்னங்க சொன்னீங்க?"

"ஈ. ரெண்டு றெக்கை. குளவிக்கு... நாலு. அடிக்காத. இதோட புழு... அசுவினிப் பூச்சியத் திங்கும்."

மருந்தைக் கீழே போட்டுவிட்டு அவர் மடியில் முகம் புதைத்து அழுதேன்.

இப்போதெல்லாம் தினமும் ஏதாவது பூச்சியைக் காட்டி, "இது என்ன ஈ?" என்று கேட்கிறேன். தெரிந்ததையும் கேட்பேன். அவர் சொல்லி முடிக்கும்வரை எனக்கு வேறு வேலையே கிடையாது.