மூன்று வருஷக் கற்றாழை

எங்கள் ஃப்ளாட் பால்கனியில் துணி காய வேண்டும், வாஷிங் மெஷின் நிற்க வேண்டும். மிச்சம் இருக்கும் இரண்டடியில்தான் என் கற்றாழைகள். "ஸ்ரீரங்கத்துல ரெண்டு பக்கமும் ஆத்தை வச்சுக்கிட்டு, தண்ணியே கேக்காத செடியாப் பாத்து வளர்க்கிறியே!" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

அவற்றில் ஒன்றின் மேல் எனக்கு உயிர். மடகாஸ்கர் மலைப்பாறை இடுக்குகளில் வளரும் அரிய வகை அது. முழுதாக வளர்ந்தாலும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இலை முழுக்க மெல்லிய வெள்ளை முட்கள். பெங்களூரில் செடி வளர்க்கும் ஓர் அம்மாள் பதினொரு விதைகளைத் தபாலில் அனுப்பியிருந்தார். கறுப்பாக, தட்டையாக, ஓரத்தில் சருகு ஒட்டினாற்போல் இருந்தன. தும்மினால் பறந்துவிடும். ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் கவரைப் பிரித்தேன்.

மணலில் பூஞ்சை இருந்தால் நாற்று அழுகிவிடும். அதனால் ஆற்று மணலைச் சலித்து, பழைய வாணலியில் போட்டு வறுத்தேன். கரண்டிச் சத்தம் கேட்டுச் சமையலறைக்கு வந்த வீட்டுக்காரர், "கடலை எங்க?" என்றார். வெறும் மணல்தான் என்றதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

ஸ்வீட் கடை டப்பாவில் மணலை நிரப்பி, விதைகளை மேலாகத் தூவி, நீர் தெளித்து மூடி வைத்தேன். பன்னிரண்டாம் நாள் ஏழு பச்சை முனைகள் தெரிந்தன. நான் போட்ட கூச்சலில் வீட்டுக்காரர் பாதி ஷேவிங்கோடு ஓடி வந்தார். டப்பாவை எப்போது திறப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சீக்கிரம் திறந்தால் நாற்று காயும், தாமதித்தால் கழுத்து அழுகிச் சாயும். நான் இரண்டு தப்பையும் செய்தேன். தப்பிப் பிழைத்தவற்றைத் திருச்சி வெயில் பார்த்துக்கொண்டது. மூன்றாவது கோடை முடிந்தபோது ஒன்றே ஒன்று மிஞ்சியது. அது பூப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு ஆசை.

அந்த வருஷம்தான் எனக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்ததைப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க அனுப்பினார்கள். ரிப்போர்ட் வரப் பத்து நாளாகும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரர் கலகலப்பாகவே இருந்தார். பக்கத்துப் படுக்கை அம்மாளுக்கும் சேர்த்து இட்லி வாங்கி வந்தார், நர்ஸுகளோடு வம்பளந்தார். இந்த மனிதருக்குக் கவலையே கிடையாதா என்று எனக்கு எரிச்சலாகக்கூட வந்தது.

ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். லிஃப்டிலிருந்து மெல்ல நடந்து வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நிலைப்படிக்கு மேலே சிவப்புக் கயிற்றில், மஞ்சளும் குங்குமமும் பூசி, என் குட்டிக் கற்றாழை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. திருஷ்டிக்குக் கற்றாழை கட்டாத வீடு எங்கள் பக்கத்தில் குறைவு. எதிர் ஃப்ளாட்டில் முழ நீளச் சோற்றுக்கற்றாழை தொங்குகிறது. எங்கள் வாசலில் கோழிக்குஞ்சு அளவுக்கு இது.

தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "அறிவிருக்கா உங்களுக்கு? தெருமுனைல சும்மாவே கிடைக்குமே! இதையா புடுங்குவீங்க?"

துணிப்பையும் ஃபிளாஸ்க்குமாக அவர் நின்றார். "பூக்காரம்மாதான் கத்தாழை கட்டுங்க சார்னு சொன்னாங்க. தெருமுனைல இருக்கிறதுக்கு உன்னை யாருன்னு தெரியும்? நீ பாத்துப் பாத்து வளர்த்தது இதானே. இதுக்குத்தான் உம்மேல பாசம் இருக்கும்னு..."

திருஷ்டியாவது மண்ணாங்கட்டியாவது என்று ஊரையே கிண்டல் செய்கிற மனிதர் அவர்.

"இப்பவே அவுத்துடறேன்" என்று ஸ்டூலை இழுத்தார்.

"இருக்கட்டும். ரிப்போர்ட் வரட்டும்" என்றேன்.

வேர்கள் பாதிக்கு மேல் அறுந்திருந்தன. இன்னும் நாள் தள்ளினால் அது பிழைக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். எனக்குப் பயமாக இருந்தது. ஹாலில் உட்கார்ந்தபடி அது முனை முனையாகப் பழுப்பதை நான்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். போனைக் காதில் வைத்துக்கொண்டே வீட்டுக்காரர் ஸ்டூலில் ஏறிக் கயிற்றை அவிழ்த்தார். மஞ்சளைத் துடைத்துப் புது மணலில் நட்டேன். நிழலில் வைத்தேன். தண்ணீர் காட்டவில்லை. எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன். ஒரு வாரம் கழித்து லேசாகத் தொட்டுப் பார்த்தபோது கொண்டை மட்டும் கையோடு வந்துவிட்டது. அடியில் கழுத்து அழுகிப் போயிருந்தது.

அவர் வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். என் கையில் இருந்ததை வெகுநேரம் பார்த்தார். "உனக்கு வந்ததை அது வாங்கிக்கிச்சு" என்றார்.

வேறு நாளாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன். வேரைப் பிய்த்தது நீங்கள், நான்கு நாள் தொங்கவிட்டது நான் என்று சண்டைக்குப் போயிருப்பேன்.

"ஆமாங்க, வாங்கிக்கிச்சு" என்றேன்.

அதைக் கேட்டதும் அவர் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழ ஆரம்பித்தார். மணல் ஒட்டிய கையாலேயே அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.