டிரைவை மாத்தச் சொன்னா

ஆபீஸில் செல்வராணிக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று பேர். வராமல் என்ன செய்யும்? அறக்கட்டளையின் மூன்று கல்லூரிகளுக்கும் பொதுவான பேக்கப் பெட்டி அவள் பொறுப்பு. அதற்குள் சர்வரில் இருப்பதை டேப்பில் பதிகிற டிரைவ் இரண்டும் பழுது. மேனேஜருக்குப் போன் போட்டுக் கத்தினாள்.

"சார், ரெண்டு டிரைவையும் ஒடனே மாத்துங்க. ஒண்ணு பாதியிலயே நின்னுபோகுது. இன்னொண்ணு எந்நேரமும் படுத்தே கெடக்கு."

"இன்னைக்கே மாத்திடுறேம்மா."

வாரம் ஓடியது. பெட்டியை எவனும் எட்டிப் பார்க்கவில்லை. இன்று காலேஜ் பஸ் ஓட்டும் மைக்கேல்சாமி வந்து நின்றார்.

"டிரைவருக எங்க ரெண்டு பேரையும் மணமேல்குடி காலேஜுக்குத் தூக்கியடிச்சிட்டாங்கம்மா. நீங்கதான் சொன்னீங்களாம். நான் எப்பம்மா படுத்துக் கெடந்தேன்?"

விளங்கியதும் செல்வராணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. போனை எடுத்தாள்.

"சார், நான் சொன்னது டிரைவு. டிரைவர் இல்ல!"

"ஆர்டர் போட்டாச்சேம்மா. இனி மாத்த முடியாது."

"மாத்தச் சொன்னதை மாத்தல. மாத்தக் கூடாதவங்கள மாத்திட்டு, இப்ப மாத்த முடியாதாக்கும்? அப்ப புதுசா வர்ற டிரைவருக ரெண்டு பேரையும் இங்கிட்டு அனுப்புங்க சார். பெட்டிக்குள்ள ஒக்காந்து ஓட்டட்டும்!"